பழைய அரேயைக் காலி செய்த கதை

பல சர்வர்களின் டேட்டாவை மொத்தமாக வைத்திருக்கிற டிஸ்க் பெட்டிதான் ஸ்டோரேஜ் அரே. எங்கள் பழைய அரேக்கு சப்போர்ட் முடிகிற தேதி எங்களுக்கு எட்டு மாதம் முன்பே தெரியும். அதைக் காலி செய்யும் வேலை தொடங்கியது என்னவோ கடைசி ஏழு வாரத்தில்தான். புது அரே வந்து, ரேக்கில் ஏறி, ஃபேப்ரிக்கில் (சர்வர்களையும் அரேயையும் இணைக்கிற நெட்வொர்க்) சேர்ந்து, எந்த டீமுக்கு எவ்வளவு இடம் என்ற பஞ்சாயத்து ஓய்ந்தபோது காலண்டரில் மிச்சம் இருந்தது அவ்வளவே. 34 சர்வர், 112 லன் (சர்வருக்கு ஒரு டிஸ்க் போல அரே காட்டுகிற பங்கு). சர்வர்களில் 31 லினக்ஸ், 3 ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்). பகலில் எதையும் நிறுத்தக் கூடாது. இரவில் நிறுத்த வேண்டுமானால் மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

இரண்டு அரேயும் ஒரே கம்பெனியுடையதாக இருந்திருந்தால் டேட்டாவைத் தாங்களே நகலெடுத்து, தங்களுக்குள் ரெப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் புதியதுக்கு மாறுகிற ஒரு சின்ன கட்ஓவரோடு முடிந்திருக்கும். எங்களுடையவை வேறு வேறு. புதியதில் பிறர் அரேயிலிருந்து டேட்டாவை இழுத்துக்கொள்ளும் வசதி உண்டு, ஆனால் அதன் ஆதரவுப் பட்டியலில் எங்கள் பழைய மாடல் இல்லை. ஆக, நடுவில் நிற்கிற சர்வரே சுமக்க வேண்டும் என்று முடிவானது. சர்வரின் கண்ணுக்கு இரண்டுமே வெறும் டிஸ்க். எந்தக் கம்பெனி, உள்ளே எஸ்எஸ்டியா சுழல்கிற டிஸ்கா, எதுவும் அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அதற்குத் தருகிற விலையும் உண்டு. ஒவ்வொரு பிளாக்கும் பழைய அரேயிலிருந்து எச்பிஏ (சர்வரை அரேயோடு இணைக்கிற கார்டு) வழியாக சர்வரின் மெமரிக்கு வந்து, மறுபடி எச்பிஏ வழியாகவே புதிய அரேக்குப் போகிறது. அதே கார்டில்தான் அப்ளிகேஷனின் போக்குவரத்தும் ஓடுகிறது. அப்புறம், 34 சர்வர் என்றால் 34 தனி வேலைகள். ஒவ்வொன்றிலும் யாரோ எப்போதோ அவசரத்தில் செய்துவைத்த ஏதோ ஒன்று காத்திருக்கும்.

நான் இந்த வித்தையைக் கற்றது ஏஐஎக்ஸில். எக்ஸ்டெண்ட்விஜி, மிரர்விஜி, அன்மிரர்விஜி, ரெடியூஸ்விஜி: நாலு கட்டளையில் ஒரு வால்யூம் குரூப் (டிஸ்குகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) முழுவதும் புது டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடும். சிஸ்டம் பூட் ஆகிற ரூட் வால்யூம் குரூப்பாக இருந்தால் கூடவே பாஸ்பூட், பூட்லிஸ்ட் கட்டளைகள் இரண்டையும் மறக்கக் கூடாது. எங்கள் மூன்று ஏஐஎக்ஸ் பெட்டிகளும் முதல் வாரமே முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. லினக்ஸில் இதே வேலையைச் செய்கிற எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்), எச்பியின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸில் இருந்ததைப் பார்த்து உருவானது. கட்டளைப் பெயர்கள் தலைகீழாக நின்றாலும் (எக்ஸ்டெண்ட்விஜி இங்கே விஜிஎக்ஸ்டெண்ட்) மனசு பழகியதுதான்.

முதலில் ஒரு ஷீட் தயாரித்தேன். ஒவ்வொரு சர்வரிலும் பிவிஎஸ், எல்விஎஸ் போன்ற, டிஸ்குகளையும் வால்யூம்களையும் பட்டியலிடுகிற கட்டளைகளை ஓட்டி, எந்த வால்யூம் எந்த லன்னில் இருக்கிறது என்று ஒரு வரிக்கு ஒரு லன்னாக எழுதினேன். அந்த ஷீட்டின் மேல் எனக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. அதன் பலன் கடைசியில் வருகிறது.

ஷீட் எழுதும்போதே சில பூதங்கள் வெளியே வந்தன. ஒரு சர்வரில் எல்விஎம்மே இல்லை. பார்ட்டிஷன் மேல் நேராக ஃபைல் சிஸ்டம். அதை ஃபைல் ஃபைலாக நகலெடுக்கிற ஆர்சிங்க் வைத்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஹார்ட் லிங்க், ஏசிஎல் (ஃபைல் அனுமதிப் பட்டியல்), எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் மூன்றுக்கும் தனித்தனியாகக் கொடி (ஆப்ஷன்) கொடுக்காவிட்டால் ஆர்சிங்க் அவற்றை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடும். இன்னொரு சர்வரில் பிசிக்கல் வால்யூமை (எல்விஎம்முக்குக் கொடுத்த டிஸ்க்), ஒரே லன்னுக்குப் போகிற பல பாதைகளை ஒன்றாகக் காட்டுகிற மல்டிபாத் சாதனத்தின் மேல் போடாமல், அதன் அடியில் இருக்கிற ஒற்றை எஸ்டி பாதையின் மேல் போட்டிருந்தார்கள் (ஒவ்வொரு பாதைக்கும் லினக்ஸ் தருகிற பெயர் எஸ்டி என்று தொடங்கும்). நாலு பாதை இருந்தும் அந்த மெஷின் இத்தனை வருடம் ஒற்றைக் கேபிளை நம்பி ஓடியிருக்கிறது. இரண்டு சர்வர்கள் சேனிலிருந்தே (ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் இருக்கிற லன்னிலிருந்தே) பூட் ஆகிறவை. அவற்றில் பூட் பார்ட்டிஷனைக் கையால் நகலெடுத்து, புது லன்னில் பூட்லோடரான கிரப்பை நிறுவி, பூட்டின் முதல் கட்டத்துக்கான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்டி, எச்பிஏவின் பயாஸில் பூட் லன்னையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த இரண்டுக்கும் மட்டும் மூன்று கையெழுத்து வாங்கினேன்.

மற்றவை பெரும்பாலும் பிவிமூவ்: வால்யூம் ஓடுகிற நிலையிலேயே அதை டிஸ்க் விட்டு டிஸ்க் நகர்த்துகிற எல்விஎம் கட்டளை.

இதன் உள்வேலை ஒருமுறை புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். எல்விஎம் இடத்தை எக்ஸ்டெண்ட் என்ற துண்டுகளாக வைத்திருக்கிறது; மாற்றாமல் விட்டால் ஒன்று 4 எம்பி. பிவிமூவ் ஒரு தொகுதித் துண்டுகளை எடுத்து, அவற்றுக்குப் பழைய டிஸ்கிலும் புதிய டிஸ்கிலும் தற்காலிக மிரர் (இரண்டு இடத்திலும் ஒரே டேட்டா) ஒன்றைப் போடுகிறது. நகல் முடிந்ததும் எல்விஎம்மின் குறிப்பேடான மெட்டாடேட்டாவில் "இந்தத் துண்டுகள் இனி அங்கே" என்று எழுதிவிட்டு அடுத்த தொகுதிக்குப் போகிறது. மேலே இருக்கிற ஃபைல் சிஸ்டத்துக்கு எதுவும் தெரியாது. அப்ளிகேஷன் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். நடுவில் சர்வர் விழுந்தால்? எழுந்த பிறகு எந்த வாதமும் இல்லாமல் வெறுமனே பிவிமூவ் என்று அடித்தால் கடைசியாகக் குறித்துவைத்த இடத்திலிருந்து தொடரும். வேண்டாம் என்றால் நிறுத்தலாம்; போய்ச் சேர்ந்த துண்டுகள் புது இடத்திலேயே இருக்கும், மீதி பழைய இடத்தில் இருக்கும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பலரும் வேகமாகப் படித்துத் தாண்டிவிடுகிறார்கள். பிவிமூவ் பாதி ஓடிய நிலையில் உங்கள் வால்யூமுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டு அரேயில் எது போனாலும் வால்யூம் போய்விடும். முழுப் பிரதி எங்கேயும் இல்லை. சின்ன வால்யூமுக்கு இது ஒரு மணி நேர ரிஸ்க். சப்போர்ட் முடியப்போகிற அரேயில் இருக்கிற 6 டிபி டேட்டாபேஸுக்கு?

அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய அரே தொடர்ந்து விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் தரவில்லை. 6 டிபி என்றால் கிட்டத்தட்ட 12 மணி நேரம். அவ்வளவு நேரம் இரண்டு பெட்டிகளும் மூச்சுவிட வேண்டும். அதனால் அந்த ஒரு சர்வருக்கு மட்டும் பிவிமூவ் வேண்டாம், எல்விகன்வர்ட் வைத்து முழு மிரர் போடலாம் என்று முடிவு செய்தேன். மிரர் ஒத்திசையும் வரை பழையது முழுதாக இருக்கும். ஒத்திசைந்த பிறகு இரண்டும் முழுதாக இருக்கும். நமக்குத் திருப்தியான நேரத்தில் பழைய காலை (மிரரின் ஒரு பக்கப் பிரதியை) கழற்றலாம்.

புதிய பாணி மிரரான ரெய்டு1 வகையில் போட்டேன். மறுத்துவிட்டது. இந்த வகைக்கு ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன மெட்டாடேட்டா வால்யூம் வேண்டும். ஏற்கெனவே இருக்கிற காலுக்கானதை அதே பழைய டிஸ்கில்தான் வைக்கும். எங்கள் பழைய லன்னைக் கடைசி எக்ஸ்டெண்ட் வரை நிரப்பிவைத்திருந்தார் யாரோ ஒரு புண்ணியவான். அந்தப் புண்ணியவான் நானேதான் என்பது பழைய டிக்கெட்டைத் தேடியபோது தெரிந்தது. சரி, பழைய பாணி மிரர் வகைக்குப் போனேன், எது வரை ஒத்திசைந்தது என்று குறித்துவைக்கிற லாக்கை மெமரியில் வைக்கச் சொல்லி. அதற்கு டிஸ்கில் இடமே வேண்டாம். பதிலுக்கு, நடுவில் ரீபூட் ஆனால் ஒத்திசைவு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. பத்தரைக்கு டேட்டாபேஸ் பார்க்கிறவரிடமிருந்து போன்.

"மேடம், டேட்டாபேஸ் லாக் ரைட் எல்லாம் ரெண்டு மில்லிசெகண்ட்ல இருந்தது, இப்ப இருபதைத் தொடுது. என்ன பண்றீங்க?"

"சார், மிரர் ஓடுது. ஏற்கெனவே மெயில் போட்டிருந்தேனே."

"மெயில்ல ஸ்லோ ஆகும்னு போடலையே."

போடவில்லைதான். மிரரில் ஒரு எழுத்து முடிந்ததாகக் கணக்காக வேண்டுமென்றால் இரண்டு காலிலும் முடிய வேண்டும்; மெதுவான அரேயின் வேகம்தான் இரண்டுக்கும் வேகம். அதற்கு மேல் 6 டிபி நகல் வேறு அதே பழைய டிஸ்குகளைப் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறது. டிஎம் மிரர் மாட்யூலுக்கு ரெய்டு1 ரீசிங்க் த்ராட்டில் என்று ஒரு பாராமீட்டர் உண்டு. நகலெடுக்கும் வேலை எவ்வளவு சதவீத நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில். இயல்பாக 100. அதை 40க்கு இறக்கினேன். லாக் ரைட் ஐந்தாறு மில்லிசெகண்டுக்கு வந்தது, நானும் சாரும் சமாதானம் ஆனோம், 12 மணி நேர வேலை 19 மணி நேரம் ஆனது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஒத்திசைவு 100 காட்டியது.

பழைய காலைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிரரை ஒற்றையாக்கச் சொல்லும் கட்டளையில் எந்த டிஸ்கைக் கழற்ற வேண்டும் என்று பெயர் சொல்லாமல் விட்டால், தேர்வை எல்விஎம் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 19 மணி நேரம் காத்துக் கிடந்து வாங்கிய புது பிரதியையே அது கழற்றிப் போட்டால் கோபித்துக்கொள்ள முடியாது. பெயரை அடித்தேன், லன்னின் தனி அடையாளமான டபிள்யூடபிள்யூஐடியின் கடைசி ஆறு எழுத்தை அரேயின் திரையோடு ஒப்பிட்டேன், பக்கத்தில் இருந்த தம்பியை ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொன்னேன், அப்புறம்தான் என்டர்.

இரண்டு சர்வர்களில் ஆரக்கிள் ஏஎஸ்எம் (டேட்டாபேஸின் டிஸ்குகளை ஆரக்கிளே நிர்வகிக்கும் வசதி) இருந்தது. அங்கே எல்விஎம்முக்கு வேலையே இல்லை. ஏஎஸ்எம் தானே இதைச் செய்யும். புது டிஸ்குகளைச் சேர்ப்பதையும் பழையவற்றை விடுவிப்பதையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் டேட்டாவை டிஸ்குகளில் மறுபடி பரப்புகிற ரீபேலன்ஸ் ஒரே ஒருமுறை ஓடும். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டு முறை. கட்டளை உடனே திரும்பிவந்துவிடும், ஆனால் வேலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். பழைய டிஸ்கின் ஹெடர் நிலை "ஃபார்மர்" (முன்னாள்) என்று மாறும் வரை அதன் மேல் கை வைக்கக் கூடாது. இதை டேட்டாபேஸ் சாரே பார்த்துக்கொண்டார், என்னைவிடப் பொறுமையாக.

நாலாவது வாரம், வால்யூம் குரூப்பில் புது டிஸ்கைச் சேர்க்கிற விஜிஎக்ஸ்டெண்ட் ஒரு சர்வரில் மறுத்தது. பழைய டிஸ்கின் லாஜிக்கல் பிளாக் (ஒரு தடவையில் எழுதக்கூடிய மிகச் சிறிய துண்டு) அளவு 512 பைட், புது லன் 4096 பைட். எல்விஎம்மின் கான்ஃபிக் ஃபைலில் கலப்பு அளவுகளை அனுமதிக்கும் ஒரு வரி இருக்கிறது. தம்பி அதற்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"அக்கா, இதை ஒண்ணுன்னு மாத்திட்டா போதும்."

போதும்தான், விஜிஎக்ஸ்டெண்ட் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் மேலே இருப்பது 512 பைட் செக்டருக்காக உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். 4096க்குக் குறைவாக எழுத முடியாத டிஸ்கின் மேல் அதைத் தூக்கி வைத்தால் அடுத்த முறை மவுண்ட்டே ஆகாது. பழைய எல்விஎம் பதிப்புகள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டு, சிலர் பட்டு, அதற்குப் பிறகுதான் இந்தத் தடை வந்தது. தடையை எடுப்பதற்கு முன்னால் அதை யார், ஏன் போட்டார்கள் என்று கேட்கச் சொன்னேன். ஸ்டோரேஜ் டீம் லன்னை 512 ஆக மாற்றி உருவாக்கித் தந்தது. அரை நாள் போனது.

இன்னொரு சிறு விஷயம். பிவிமூவுக்கு எது டேட்டா, எது வெற்றிடம் என்று தெரியாது. வால்யூமுக்கு ஒதுக்கிய எல்லாத் துண்டையும் சுமந்துகொண்டு போகும். எப்போதோ அழித்த ஃபைல்களின் மிச்சமும் சேர்ந்தே போகும். புது அரேயில் லன்கள் எல்லாம் தின் வகை: எழுதிய அளவுக்கு மட்டும் பொதுவான பூலிலிருந்து இடம் எடுக்கும். இரண்டு வாரத்தில் அதன் பூல் உப்பிப்போய் ஸ்டோரேஜ் டீமிலிருந்து பதற்றமாக ஒரு மெசேஜ். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், எந்த இடம் காலி என்று அரேக்குச் சொல்கிற எஃப்எஸ்ட்ரிம் ஓட்ட ஆரம்பித்தோம், பூல் இறங்கியது.

இனி நான் செய்த தப்பு.

நகலெடுப்பது பார்க்கப் பெரிய வேலையாகத் தெரியும். கவனம் முழுவதும் அதில் போய்விடும். பழைய லன்னைக் கழற்றுவது கடைசி ஐந்து நிமிட வேலை போலத் தோன்றும். அதற்கு ஒரு முறை உண்டு. விஜிரெடியூஸ், பிவிரிமூவ் அடித்து டிஸ்கை எல்விஎம்மிலிருந்து எடுக்க வேண்டும். மல்டிபாத் வரைபடத்தின் (பாதைகளைச் சேர்த்துக் காட்டுகிற அந்தச் சாதனத்தின்) அடியில் இருக்கிற எஸ்டி பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தை நீக்க வேண்டும். ஒவ்வொரு எஸ்டிக்கும் சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களைக் கெர்னல் ஃபைல்களாகக் காட்டும் இடம்) இருக்கிற டிலீட் ஃபைலிலும் 1 என்று எழுத வேண்டும். சர்வர் அந்த டிஸ்கை முழுவதும் மறந்த பிறகுதான் அரே பக்கத்தில் மேப்பிங்கை (எந்த லன் எந்த சர்வருக்கு என்ற இணைப்பை) எடுக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிவிரிமூவ் முடிந்த கையோடு, ஸ்டோரேஜ் டீமுக்கான டிக்கெட்டில் "இந்த நாலு லன்னும் இனி பயன்பாட்டில் இல்லை, எடுக்கலாம்" என்று எழுதினேன். மல்டிபாத் நீக்கத்தைத் திங்கள் காலை செய்துகொள்ளலாம் என்று என் மனக்கணக்கு. டிக்கெட்டைப் படித்தவருக்கு என் மனக்கணக்கு எப்படித் தெரியும்? பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்.

அப்ளிகேஷன் ஒன்றும் ஆகாமல் ஓடியது. ஆனால் பிவிஎஸ் அடித்தால் கர்சர் அப்படியே நின்றது. லோட் ஆவரேஜ் 5, 20, 60 என்று ஏறிக்கொண்டே போனது, சிபியூவோ 90 சதவீதம் சும்மா. லினக்ஸில் டிஸ்கின் பதிலுக்காக டி நிலையில் உறைந்து கிடக்கிற புராசஸையும் லோடில் சேர்த்து எண்ணுவார்கள். கண்காணிப்பு ஏஜென்ட் நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்கைப் பார்க்கப் போய், போன ஒவ்வொன்றும் திரும்பிவரவில்லை. கில் மைனஸ் 9க்கும் அவை அசையாது. எங்கள் மல்டிபாத் அமைப்பில் எல்லாப் பாதையும் போனால் ஐஓவை (படிக்கிற, எழுதுகிற கோரிக்கைகளை) வரிசையில் நிறுத்திவைத்துக் காத்திரு என்று இருந்தது. கேபிள் போய்த் திரும்ப வருகிற நேரங்களில் அது காப்பாற்றும். திரும்பி வரவே போகாத டிஸ்குக்காகவும் அது அதே விசுவாசத்தோடு காத்திருந்தது.

டிஎம்செட்டப் கட்டளை வழியாக அந்த நாலு வரைபடத்துக்கும் "பாதை இல்லையென்றால் தோல்வி என்று சொல்லிவிடு" என்ற மெசேஜை அனுப்பியதும், உறைந்து கிடந்தவை எல்லாம் ஐஓ எரர் வாங்கிக்கொண்டு செத்துப்போயின. இரண்டு நிமிடத்தில் லோட் இறங்கியது. அப்புறம் வரைபடத்தையும் எஸ்டிகளையும் முறைப்படி நீக்கினேன். கெர்னல் லாகைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது: இந்த டார்கெட்டில் லன் ஒதுக்கீடு மாறியிருக்கிறது, ஸ்கசி அடுக்கு (டிஸ்குகளோடு பேசும் கெர்னல் பகுதி) அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளாது என்ற எச்சரிக்கை. காலியான அதே லன் எண்ணில் வேறொரு டிஸ்கை அதே சர்வருக்கு மேப் செய்திருந்தால், பழைய எஸ்டி பெயருக்குப் பின்னால் புது டிஸ்க் உட்கார்ந்திருக்கும். நல்லவேளை, அன்றைக்கு யாரும் அப்படிச் செய்யவில்லை. அன்றிலிருந்து டிக்கெட்டில் "எடுக்கலாம்" என்று நான் எழுதுவதே இல்லை. எஸ்டிகள் போன பிறகு, போய்விட்டன என்று காட்டும் அவுட்புட்டை ஒட்டித்தான் டிக்கெட்டையே திறக்கிறேன்.

ஏழாவது வாரம், புதன்கிழமை. ஷீட்டில் 112 வரியும் பச்சை. அரேயை அணைக்கத் தேதி குறித்தாகிவிட்டது. ஒருமுறை பார்த்துவிடலாமே என்று பழைய அரேயின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தேன். கோடு தரையில் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. 3 ஐயாப்ஸ், அதாவது விநாடிக்கு 3 ஐஓ. நிமிடத்துக்கு நிமிடம் அதே 3. மூச்சு மாதிரி.

ஸ்டோரேஜ் டீமோடு உட்கார்ந்து துருவினோம். ஒரே ஒரு லன், 1 ஜிபி, இரண்டு டபிள்யூடபிள்யூபிஎன்களுக்கு (எச்பிஏ போர்ட்டின் அடையாள எண்) மேப் ஆகியிருந்தது. அந்த 16 இலக்கங்களை எச்பிஏ பட்டியலில் தேடினால், நாங்கள் மூன்றாவது வாரமே முடித்துவிட்ட கிளஸ்டரின் (ஒரே வேலைக்காகச் சேர்ந்து இயங்கும் சர்வர்கள்) இரண்டு நோடுகள். பழுதான நோடை ஒதுக்கிவைக்க உதவுகிற, அவற்றின் ஃபென்சிங் டிஸ்க். ஒன்றுக்கொன்று "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று எழுதிவைத்துக்கொள்ளும் இடம். அதில் ஃபைல் சிஸ்டம் கிடையாது, எல்விஎம்மும் கிடையாது. நான் ஷீட் போட்டது பிவிஎஸ்ஸைக் கேட்டு. அதற்குத் தெரியாததை அது எப்படிச் சொல்லும்? அந்த டிஸ்க் கைக்கு எட்டாமல் போனால் நோட் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும்படி அமைத்திருந்தோம். அரேயை அணைத்திருந்தால் இரண்டும் ஒன்றாக விழுந்திருக்கும்.

புது அரேயில் ஒரு சின்ன லன் வாங்கி, ஃபென்சிங்குக்குத் தயார் செய்து, கான்ஃபிக்கில் சாதனப் பாதையை மாற்றி, இரண்டு நோடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடக்கம் செய்தோம். இந்த முறை எஸ்டிகளை நீக்கிய அவுட்புட் முதலில், டிக்கெட் பிறகு. நள்ளிரவு 12:40க்குக் கோடு தரையில் படிந்தது.

தம்பி ஷீட்டைத் திறந்து 113வது வரியைச் சேர்த்தான். வால்யூம் பெயர் எழுதும் கட்டத்தில் என்ன போட என்று கேட்டான். அதற்கு வால்யூம் பெயரே கிடையாது. "மூணு ஐயாப்ஸ்" என்று போடச் சொன்னேன்.